கழுத்தில் பைஅத் இல்லாதவர்

மார்ச் 4

மாப்பிள்ளைக்கு,

உங்கள் மீது சாந்தி உண்டாகட்டும். இதைச் சொல்லாமலேயே கடிதத்தைத் தொடங்க எண்ணினேன். கோபத்தில் ஸலாமை நிறுத்திவைப்பது முறையல்ல என்பதால் சொல்லிவிட்டேன். இனி வருவதெல்லாம் கோபம்.

தொலைபேசியில் அழைக்காமல் எழுதுவதற்குக் காரணம் உண்டு. பேசினால் நான் கத்துவேன், நீங்கள் மௌனமாக இருப்பீர்கள், எதுவும் பதிவாகாது.

எனக்குத் தெரிவிக்கப்பட்டவற்றைக் கீழே எழுதுகிறேன். பிழையிருந்தால் மறுக்கலாம். என் மூத்த அண்ணன் திங்கட்கிழமை காலை தம் லேத் பட்டறையில், ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தை நிறுத்திவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்தபடியே இறந்தார். மாலையில் ஜனாஸா தொழுகைக்காக அவர் உடலைப் பள்ளிவாசலுக்குக் கொண்டுவந்தார்கள். வாசலில் ஜமாஅத் செயலாளர் ஒரு துண்டறிக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். “இவரு பைஅத் செய்யாம மௌத்தானவரு. இங்க தொழுகை கிடையாது. வேற எங்கயாவது தொழவெச்சா, வெச்சவங்க வீட்டுல யாராவது மௌத்தானா அந்த மையத்துக்கும் இதே கதிதான்” என்றார்.

பைஅத் என்று அவர் சொன்னது, எங்கோ ஓர் ஊரில் இருந்துகொண்டு தம்மைக் கலீஃபா என்று அறிவித்துக்கொண்ட ஒருவருக்கு, சென்ற ஆண்டு முதல் உங்கள் ஜமாஅத் வாங்கித் தரும் விசுவாச உறுதிமொழியை.

அப்போது அந்தப் பள்ளிவாசலின் இமாமாகிய நீங்கள் உங்கள் அறை வாசலில் சாவிக்கொத்துடன் நின்றுகொண்டிருந்தீர்கள். உங்களுக்குப் பின்னால் அணிவகுக்க ஆட்கள் காத்திருந்தார்கள். நீங்கள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. பட்டறைத் தொழிலாளர்கள் அவரைத் தோள் மாற்றித் தோள் மாற்றி அடக்கத்தலத்துக்குச் சுமந்தார்கள். ஹஜ்ரத் என்று அவர்கள் அழைக்கும் நீங்கள் எப்படியும் வந்துவிடுவீர்கள் என்று இருட்டும்வரை குழியோரம் நின்றார்கள். பிறகு பிரார்த்தனையாகத் துஆ மட்டும் கேட்டுவிட்டு மண்ணைத் தள்ளினார்கள். ஒரு முஸ்லிமுக்கு ஊரார் செய்தே தீரவேண்டிய கடைசிக் கடமையான ஜனாஸா தொழுகை என் அண்ணனுக்கு நடத்தப்படவில்லை.

அந்தத் துண்டறிக்கையின் பிரதி என் மேசைமேல் இருக்கிறது. அதில் இரண்டு நபிமொழிகள். ஒன்று, கழுத்தில் பைஅத் இல்லாமல் இறப்பவர் அறியாமைக் காலத்து மரணத்தை அடைகிறார் என்பது. மற்றது, நபித்துவத்துக்குப் பின் நபிவழியிலான கலீஃபா ஆட்சியாகிய கிலாஃபத்தும், அதன்பின் கொடிய மன்னராட்சிகளும், இறுதியில் மீண்டும் நபிவழிக் கிலாஃபத்தும் வரும் என்பது. “மேற்கண்ட ஹதீஸ்கள் ஆதாரமுள்ளவை” என்ற வாசகத்தின் கீழ் ஒரு கையெழுத்து.

அது உங்களுடையதா? ஆம் அல்லது இல்லை என்று பதில் எழுதவும்.

உங்கள் மனைவியின் அண்ணன்.

*

மார்ச் 12

மச்சானுக்கு,

வ அலைக்கும் ஸலாம். கடனே என்று சொல்லப்பட்ட ஸலாமுக்கும் பதில் சொல்வது கடமை.

ஆம். கையெழுத்து என்னுடையது. கூண்டில் ஏற்றிவிட்டீர்கள், இறங்குவதற்கு முன் நானும் கொஞ்சம் பேசுகிறேன்.

சென்ற ரமளானுக்கு முன்பு செயலாளர் ஒரு தாளோடு என் அறைக்கு வந்தார். “ஹஜ்ரத், இந்த ரெண்டு ஹதீஸும் ஸஹீஹா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க” என்றார். அதை மட்டும் என்று கேட்டதில் எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. இந்த ஊரில் என்னிடம் தாயத்துக் கேட்பவர்கள் உண்டு, கனவுக்குப் பலன் கேட்பவர்கள் உண்டு. அறிவிப்பாளர் தொடரைப் பற்றிக் கேட்க வந்த முதல் ஆள் அவர். கிதாபுகளை இறக்கி வைத்துக்கொண்டு, யாரிடமிருந்து யார் கேட்டார், கேட்டவர் நேர்மையானவரா, நினைவாற்றல் எப்படி, இருவரும் சந்தித்தது உண்மையா என்று ஒவ்வொருவராகப் பார்த்தேன். முதல் ஹதீஸ் ஸஹீஹ், அதாவது குறையற்றது, இரண்டாவது ஏற்கத்தக்கது என்று எழுதிக் கையெழுத்திட்டேன். சொன்னதில் ஓர் எழுத்தும் பொய்யில்லை. இறந்தவர் ஒருவரைத் திருப்பி அனுப்பலாம் என்று நான் எழுதினேனா? காட்டுங்கள்.

தொடரைச் சரிபார்க்கச் சொன்னால் சரிபார்ப்பேன். அதை வைத்து நாளைக்கு யாரை என்ன செய்யப்போகிறார்கள் என்று கேட்கவேண்டும் என எந்த மதரஸாவிலும் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

பெரிய மச்சானிடமும் பைஅத் வாங்கப் போனார்கள். நானும் அங்கே இருந்தேன். தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டு அவர் முகத்துக்கு நேரே நீட்டினார் செயலாளர். லைன் கிடைக்கவில்லை. அவர் கையில் கிரீஸ். “நெட்வொர்க் இல்லாத எடத்துல கலீஃபா எப்படிப்பா ஆட்சி பண்ணுவாரு?” என்றார். பட்டறையே சிரித்தது. “எனக்கு ஏற்கெனவே வீட்டுல உத்தரவு போட ஒரு அமீர் இருக்கா. இன்னொருத்தருக்குக் கை குடுத்தேன்னு தெரிஞ்சா சோறு கெடைக்காது.” நானும் சிரித்தேன் மச்சான். செயலாளர் என் சிரிப்பைத்தான் பார்த்தார்.

நான் பேசவில்லை என்கிறீர்கள். நீங்கள் வரவேயில்லை. அன்று ஜாமீன் விசாரணையாம். மறுநாளும் ஏதோ விசாரணையாம். இன்றுவரை வரவில்லை. ஒரு வழக்கைத் தள்ளிவைக்க மனுப் போடத் தெரியாத வழக்கறிஞரா நீங்கள்? உங்கள் அண்ணனை மண்ணில் வைத்தபோது நான் கோழையாக நின்றேன், ஒப்புக்கொள்கிறேன். நிற்கவாவது நான் அந்த ஊரில் இருந்தேன்.

இந்த வீடு பள்ளிவாசலுக்குச் சொந்தம் என்பது உங்களுக்குத் தெரியும். சமையலறைக்கும் தொழுகைக் கூடத்துக்கும் நடுவே ஒற்றைச் சுவர்தான். உங்கள் தங்கை மிக்ஸி போட்டால் முதல் அணியில் நிற்பவருக்குக் கேட்கும். இப்போதெல்லாம் மிக்ஸி சத்தம் மட்டும்தான். அவள் என்னோடு பேசுவதில்லை. சோற்றை வைத்துவிட்டுத் தட்டைப் பார்த்து, “தின்னச் சொல்லு” என்கிறாள்.

மாப்பிள்ளை.

*

மார்ச் 21

மாப்பிள்ளைக்கு,

ஸலாம். ஒப்புதலைப் பதிவு செய்துகொண்டேன். விசாரணை குறித்த குற்றச்சாட்டுக்குத் தனியே பதில் எழுதுவேன்.

நான் ஹதீஸ் கலை படித்தவனல்லன். ஆனால் சாட்சியத்தை எடைபோட்டே என் தலை நரைத்தது. இந்த இரு வாரமும் நீதிமன்ற வேலை முடிந்ததும் துண்டறிக்கையையே படித்துக்கொண்டிருந்தேன். கிடைத்த மொழிபெயர்ப்புகளை வைத்து ஒப்பிட்டதில் கண்டவை இவை.

முதல் நபிமொழியின் முன்பகுதி துண்டறிக்கையில் இல்லை. முழு வாசகம், கீழ்ப்படிதலிலிருந்து கையை விலக்கிக்கொள்பவர் மறுமையில் தமக்கென வாதம் ஏதுமின்றி இறைவனைச் சந்திப்பார் என்று தொடங்குகிறது. அதன் பிறகே கழுத்தில் பைஅத் இல்லாதவரைப் பற்றிய பகுதி. அதை எப்போது, யாரிடம் எடுத்துச் சொன்னார்கள் என்பதும் அந்த அறிவிப்பிலேயே இருக்கிறது. இரண்டாம் கலீஃபாவின் மகனான நபித்தோழர், ஆட்சியில் இருந்தவருக்கு எதிராகக் கிளம்பிய கூட்டத்தின் தலைவர் ஒருவரின் வீட்டுக்குப் போகிறார். வீட்டுக்காரர் அவருக்கு மெத்தை போடச் சொல்கிறார். உட்கார வரவில்லை, ஒரு ஹதீஸைச் சொல்லிவிட்டுப் போகவே வந்தேன் என்கிறார் அவர். ஆக, ஏற்கெனவே இருந்த ஓர் ஆட்சிக்குக் கொடுத்த வாக்கை முறிக்காதே என்று எச்சரிக்கச் சொல்லப்பட்டது அது. எங்கோ ஒருவர் தம்மைக் கலீஃபா என்று அறிவித்தால் ஓடிப்போய்க் கைகொடு என்பதற்கு அதில் ஒரு சொல்லும் இல்லை. வாக்கே கொடுக்காத லேத்துக்காரர் எந்த வாக்கை முறித்தார்? பாதி வாசகத்தை மறைத்து மீதியைத் தாக்கல் செய்பவரை என் தொழிலில் என்ன சொல்வார்கள் என்பதை நாகரிகம் கருதி எழுதாமல் விடுகிறேன்.

இரண்டாவது இன்னும் மோசம். அதை அறிவிப்பவர் ஓர் எழுத்தர். அவரைக் குறித்து, அறிவிப்பாளர்களை எடைபோடுவதில் மிகக் கண்டிப்பான இமாம், “இவர் விஷயத்தில் யோசனை இருக்கிறது” என்று எழுதி வைத்திருக்கிறார். மேலும், புதிதாகப் பதவியேற்ற ஓர் ஆட்சியாளருக்கு இந்த ஹதீஸை எழுதி அனுப்பி, முன்னறிவிக்கப்பட்ட அந்த நல்லாட்சி உங்களுடையதுதான் என நம்புகிறேன் என்று இந்த எழுத்தரே சொன்னதாகவும், ஆட்சியாளர் அதில் மகிழ்ந்ததாகவும் அந்த அறிவிப்பின் கடைசியிலேயே இருக்கிறது. ஆதாயம் கருதிய சாட்சி! இவரை நம்பி ஒரு கறவை மாட்டின் உரிமையைக்கூட என்னால் நிலைநாட்ட முடியாது. இவரை நம்பியா என் அண்ணனைத் தொழுகையில்லாமல் புதைத்தீர்கள்?

எனவே, இரண்டு ஹதீஸ்களும் கிலாஃபத்துக்கு ஆதாரமாகா என்று பள்ளிவாசலில் அறிவியுங்கள். அடக்கத்தலத்தில் அவருக்கான தொழுகையை நடத்துங்கள். இந்தக் கடிதத்தை எவரிடமும் காட்ட வேண்டாம், என் பெயரையும் குறிப்பிட வேண்டாம். நீதிபதிப் பதவிக்கான பரிந்துரைப் பட்டியலில் நான் இருக்கிறேன். மதச் சச்சரவில் தலையிட்டதாகப் பேச்சு வருவது உகந்ததல்ல.

உங்கள் மனைவியின் அண்ணன்.

*

ஏப்ரல் 1

மச்சானுக்கு,

ஸலாம்.

பாதி வாசகத்தை மறைப்பவரைப் பற்றி எழுதிவிட்டு, அடுத்த பத்தியிலேயே அதைத்தான் செய்திருக்கிறீர்கள்.

அந்த எழுத்தரைப் பற்றி ஓர் இமாம் சொன்னதை எடுத்தீர்கள். அவர் நம்பகமானவர் என்று வேறு இமாம்கள் சொன்னதை ஏன் விட்டீர்கள்? மிகுந்த கண்டிப்போடு தொகுக்கப்பட்ட ஒரு தொகுப்பில் அவருடைய வேறொரு அறிவிப்பு ஏற்கப்பட்டிருக்கிறது. ஆட்சியாளருக்கு எழுதினார் என்பதாலேயே ஒருவர் பொய்யர் ஆகிவிடமாட்டார். அந்த ஆட்சியாளரும் நல்லவர் என்று பெயரெடுத்தவர். பிடிக்காத முடிவைச் சொல்கிறார் என்பதற்காகச் சாட்சியைப் பொய்யர் ஆக்குவதும், பிடித்த முடிவுக்காகப் பொய்யரைச் சாட்சி ஆக்குவதும் ஒரே நோய்தான். என் கலையை உங்கள் கட்சிக்காரருக்காக வளைக்கமாட்டேன், அவர் என் பெரிய மச்சானாகவே இருந்தாலும்.

இதை எழுதிய சூட்டோடு, கிதாபை எடுத்துக் காட்டி உங்களைத் தோற்கடிக்கலாம் என்று அதே பக்கத்தைத் திறந்தேன். தோற்றது நான்.

அந்த எழுத்தர் உண்மையே சொன்னார் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன சொன்னார்? இப்படி இப்படி நடக்கும் என்றார். நடக்கும் என்பது செய்தி, நடத்து என்பது கட்டளை. ஒரு செய்தியிலிருந்து கடமையை உருவாக்கக் கூடாது என்று முதல் வருடப் பிள்ளைகளுக்கு நானே பாடம் நடத்துகிறேன். மழை வரும் என்று சொன்னால் கூரையேறி வாளி வாளியாய்த் தண்ணீர் ஊற்றச் சொல்லவில்லை என்று உதாரணமும் சொல்வேன், பிள்ளைகள் சிரிப்பார்கள். அந்த முன்னறிவிப்பு தன் காலத்திலேயே நிறைவேறிவிட்டது என்று அறிவித்தவரே நம்பியிருக்கிறார். அதுவும் என் கண்ணெதிரே இருந்தது. தொடரில் உள்ள பெயர்களைப் பார்த்தேன், வாசகத்தைப் பார்க்கவில்லை. கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைச் சொன்னேன். அது தவறான கேள்வி.

இன்னொன்று. அந்த ஹதீஸ் எந்த நபித்தோழர் வழியாக வருகிறதோ, அவர் வழியாகவே, எந்தச் சந்தேகமும் இல்லாத தொடரில், இன்னொன்றும் வருகிறது. குழப்பக் காலம் வந்தால் என்ன செய்வது என்று அவர் நபியிடம் கேட்கிறார். முஸ்லிம்களின் கூட்டமைப்பையும் அவர்களுடைய தலைவரையும் பற்றிக்கொள் என்று பதில். அவர் விடவில்லை. கூட்டமைப்பும் இல்லை, தலைவரும் இல்லை என்றால்? ஒரு தலைவரை உருவாக்கு என்று பதில் வரவில்லை மச்சான். அந்தக் கூட்டங்கள் எல்லாவற்றையும் விட்டு விலகிவிடு, மரத்தின் வேரைக் கடித்துக்கொண்டு சாக நேர்ந்தாலும் சரி, என்று வந்தது. எத்தனை முறை ஓதியிருப்பேன்! பெரிய மச்சான் யாரோடும் சேராமல் தம் லேத்தோடு இருந்தார். இந்த ஹதீஸின்படி நடந்தவர் அவர் ஒருவர்தான். அவருக்கா தொழுகை இல்லை? எனக்கு வருகிற ஆத்திரத்தில், செயலாளரை எதைக் கொண்டு அடிப்பது என்று அறையைச் சுற்றிப் பார்க்கிறேன். எல்லாம் கிதாபாக இருக்கிறது.

அறிவிக்கச் சொல்கிறீர்கள். நான் ஒருவன் எழுந்தால், “ஹஜ்ரத்துக்கு மச்சான் பாசம்” என்று ஒரே வரியில் உட்கார வைத்துவிடுவார்கள். முதல் ஹதீஸைப் பற்றி நீங்கள் எழுதியது கச்சிதம், சட்டம் படித்தவர் சொன்னால் கேட்பார்கள். ஆனால் பெயர் போடாதே என்கிறீர்கள். யார் என்றே தெரியாதவர் அறிவித்ததை எங்கள் கலையில் என்ன செய்வோம் தெரியுமா? தள்ளுபடி. சொன்னது உண்மையாகவே இருக்கட்டும், தள்ளுபடிதான். கையெழுத்திட்ட என்னைக் கேள்வி கேட்டீர்கள். கையெழுத்தே இடாதவரை நான் எப்படிக் கேட்பது?

மாப்பிள்ளை.

*

ஏப்ரல் 8

மாப்பிள்ளைக்கு,

ஸலாம். எழுத்தர் விஷயத்தில் உங்கள் திருத்தத்தை ஏற்கிறேன்.

கையெழுத்து விஷயத்தில் என் நிலைப்பாடு மாறவில்லை. பொதுவெளியில் படிக்கப்படும் கருத்துரையில் என் பெயர் இடம்பெறுவது, பதவி சார்ந்த காரணங்களால் இப்போது இயலாது. தேர்வு முடிந்ததும் பரிசீலிக்கலாம். அதுவரை பொறுப்பது எல்லோருக்கும் நல்லது.

உங்கள் மனைவியின் அண்ணன்.

*

ஏப்ரல் 9

மாப்பிள்ளைக்கு,

நேற்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். அது முதலில் கிடைத்தால் கிழித்துவிடவும்.

இன்று காலை அண்ணி அழைத்தார்கள். நான் வழக்கம்போல, வழிகளை ஆராய்ந்துகொண்டிருப்பதாகவும், வக்ஃப் விதிகளின் கீழ் ஒரு முறையீடு செய்ய இடமிருப்பதாகவும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்கள். பிறகு, “தம்பி, சட்டமெல்லாம் எனக்கு வேணாம். உங்க அண்ணனுக்குத் தொழுகை உண்டா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க” என்றார்கள். “பெரிய படிப்புப் படிச்சவங்க ரெண்டு பேரு இந்தக் குடும்பத்துல” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள். அவர்கள் கத்தியிருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

அண்ணன் என் முதல் கறுப்பு அங்கிக்குத் துணி எடுத்துக் கொடுத்தபோது, பட்டியலும் தேர்வும் பார்த்தா கொடுத்தார்?

விசாரணை பற்றித் தனியே எழுதுவதாகச் சொன்னேன். எழுத ஒன்றுமில்லை. மனுப் போட்டிருக்கலாம். போடவில்லை.

கருத்துரை இணைக்கப்பட்டுள்ளது. உங்கள் ஏப்ரல் 1 கடிதத்தின் வாதங்களையும் சேர்த்திருக்கிறேன். கீழே என் முழுப்பெயர், தந்தை பெயர், வழக்கறிஞர் பதிவு எண், அலுவலக முகவரி. யார் வேண்டுமானாலும் கேட்டு வரலாம்.

*

ஏப்ரல் 18

மச்சானுக்கு,

ஸலாம். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், உங்கள் பாணியில். இடையில் தவறினால் பொறுத்துக்கொள்ளுங்கள், சாமான் கட்டிக்கொண்டே எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் எழுந்து மைக்கைப் பிடித்தேன். துண்டறிக்கையில் இருப்பது என் கையெழுத்துதான், அதற்கு விளக்கம் சொல்லப்போகிறேன் என்றேன். செயலாளர் முகமெல்லாம் சிரிப்பு. முதல் ஹதீஸை முழுதாக ஓதினேன். மெத்தை போடச் சொன்ன கதையைச் சொன்னேன். சிரிப்பு போய்விட்டது. தலைவர் இல்லாவிட்டால் என்ன செய்வது என்ற ஹதீஸுக்கு வந்தபோது, “மைக்க ஆஃப் பண்ணு!” என்று அவர் கத்தினார். ஆஃப் ஆயிற்று. நல்லதாகப் போயிற்று. வெளியே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட என்ன சத்தம் என்று உள்ளே வந்தார்கள். தொண்டை கிழிய மீதியைச் சொன்னேன்.

“ஹஜ்ரத், நீங்கதானே ஸஹீஹ்னு எழுதிக் குடுத்தீங்க? இப்பப் பேச்ச மாத்துறீங்க!”

“ஹதீஸு ஸஹீஹ்தான் பாய். நீங்க ஸஹீஹ் இல்ல.”

இதை நான் யோசித்துச் சொல்லவில்லை மச்சான், வாயில் வந்துவிட்டது.

“மச்சான் பாசம்!” என்றார், நான் எதிர்பார்த்தபடியே. உங்கள் கருத்துரையை எடுத்துப் படித்தேன், பெயர், தந்தை பெயர், பதிவு எண் எல்லாம் சேர்த்து. “இவரும் மச்சான்தானே!” என்றார். “ஆமா, மச்சான்தான். பேரும் அட்ரஸும் இருக்கு. எங்க தப்புன்னு எழுதிக் கேளுங்க” என்றேன். யாரும் கேட்கவில்லை. “அப்ப நம்ம குடுத்த பைஅத்து என்னாச்சு?” என்று பின்வரிசையில் ஒருவர் பக்கத்து ஆளிடம் கேட்டது எனக்கே கேட்டது.

அங்கிருந்து நேராக அடக்கத்தலம். பள்ளிவாசலைப் பெருக்கிச் சுத்தம் செய்துவந்த ஒருவர் இறந்தபோது, நபியிடம் சொல்லாமலே அடக்கிவிட்டார்கள். எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டு, அடக்கிய கப்ரைக் காட்டச் சொல்லி, அங்கே போய் அவர் தொழுதார். அதுதான் எனக்கு ஆதாரம். அடக்கி எத்தனை நாளுக்குள் அப்படித் தொழலாம் என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தொழ விடுகிற கருத்தை எடுத்துக்கொண்டேன்.

சிலர்தான் வந்தார்கள். பட்டறைக்காரர்கள் சற்றுத் தள்ளி நின்றார்கள், அவர்களில் பலர் நம் மார்க்கத்தவர் அல்லர். உங்கள் அண்ணியும் தங்கையும் சுவருக்கு வெளியே ஆட்டோவில் இருந்தார்கள். முன்னால் நின்று தொழவைத்தேன். அன்றைக்கே இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டிய காரியம்! இந்த இரண்டு நிமிடத்தை ஒரு மனிதரிடமிருந்து பிடுங்குவதற்கு எத்தனை கிதாபு, எத்தனை கையெழுத்து.

மாலையே கடிதம் கொடுத்துவிட்டார்கள். வீட்டை மாத முடிவுக்குள் காலி செய்யவேண்டும். உங்கள் கருத்துரையைப் படம் பிடித்து உங்கள் மேலிடத்துக்கு அனுப்பப்போவதாகவும் செயலாளர் சொன்னார். என்னால் உங்களுக்கு இது வந்தது.

உங்கள் தங்கை பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருக்கிறாள். “உங்க மச்சானுக்கு எழுதும்போது, தலைக்கு எண்ணெய் தேய்க்கச் சொல்லுங்க, குரல் கேட்டா சூடு ஏறுன மாதிரி இருக்கு” என்கிறாள். என்னிடம்தான் சொன்னாள், தட்டிடம் இல்லை.

மாப்பிள்ளை.

*

ஏப்ரல் 27

மாப்பிள்ளைக்கு,

உங்கள் மீது சாந்தி உண்டாகட்டும்.

வீட்டைக் காலி செய்ய வேண்டாம். ஊழியரை அறிவிப்புக் காலமின்றி வெளியேற்ற அந்த ஜமாஅத்தின் சொந்த விதிகளிலேயே இடமில்லை. தடையுத்தரவு கோரும் மனு தயார். உங்களுக்காக நானே ஆஜராகிறேன். சுற்றிய பாத்திரங்களைப் பிரிக்கச் சொல்லுங்கள். ஜனாஸாவைத் தடுத்ததற்கும் தனியே ஒரு வழக்கு உண்டு. செயலாளரைக் குறுக்கு விசாரணை செய்யும் நாளுக்காக என் கேள்விகளை இப்போதே எழுதத் தொடங்கிவிட்டேன், இதுவரை எழுதியவற்றில் பலவற்றை நீதிமன்றம் அனுமதிக்காது.

அவர் சொன்னபடியே புகார் அனுப்பிவிட்டார். இக்கருத்துரை தங்களுடையதுதானா, ஆமெனில் திரும்பப் பெற விருப்பமுண்டா என்று தேர்வுக் குழுவிலிருந்து கேட்டிருந்தார்கள். என்னுடையது, விருப்பமில்லை என்று பதில் அனுப்பினேன். பட்டியல் நேற்று வெளியானது. அதில் நான் இல்லை. உங்களால் வந்ததென்று எழுதியிருக்கிறீர்கள், அதை மறுக்கிறேன்.

உங்கள் கடிதம் நீதிமன்ற முகவரிக்கு வந்திருந்தது. உணவு இடைவேளையில் நூலகத்தில் வைத்துப் படித்தேன். எதிரில் இல்லாதவருக்குத் தொழும் தொழுகை செல்லும் என்பவர்களும் செல்லாது என்பவர்களும் இருப்பதாகப் படித்திருக்கிறேன். நீங்கள் செய்ததைப் போலவே, தொழ விடுகிற பக்கத்தை எடுத்துக்கொண்டேன். அலமாரிகளுக்கு இடையில், தொழும் திசையான கிப்லாவை ஓரளவு அனுமானித்து, அங்கியைக் கழற்றாமலே நின்றேன். ஜனாஸா தொழுகையில் குனிவதும் இல்லை, நெற்றியை நிலத்தில் வைப்பதும் இல்லை. பார்ப்பவருக்குக் கைகட்டி நிற்பது மட்டுமே தெரியும்.

முடித்துத் திரும்பியபோது நூலக எழுத்தர் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

“ரொம்ப நேரமா நிக்கிறீங்களே சார். யாருக்காக?”

“எங்க அண்ணனுக்காக” என்றேன்.

“உட்காருங்க சார், வந்துடுவாரு” என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

ஞாயிறு காலை வண்டியில் வருகிறேன். அண்ணியிடம் சொல்லவும்.